எண்ணூர் எண்ணெய் முதல் கிரீன்லாந்து ஐஸ் வரை: ரேடார் செயற்கைக்கோளை ஒரு மெல்லிய படலம் ஏமாற்றுவது எப்படி?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்த கையோடு, எண்ணூர் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து இறங்கியது. வலை, படகு, அலையாத்தி வேர், கூழைக்கடாவின் இறகு என எதையும் அது விட்டுவைக்கவில்லை. எண்ணெய் எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம் போனது, எந்தெந்தக் குப்பங்கள் பாதிக்கப்பட்டன என்ற மூன்று கேள்விகளுக்கும் அவசரமாகப் பதில் தேவைப்பட்டது. நிவாரணப் பட்டியலில் ஒரு குடும்பத்தின் பெயர் இருக்குமா இருக்காதா என்பது அந்த மூன்றாவது கேள்வியில்தான் அடங்கியிருந்தது.

இந்த இடத்தில் யாருக்கும் எழும் சந்தேகம் ஒன்று உண்டு. வானத்தில் இத்தனை செயற்கைக்கோள் சுற்றுகிறதே, மேகத்தைத் துளைத்துப் பார்க்கும், ராத்திரியிலும் பார்க்கும் என்கிறார்களே, அதுங்க இதைப் பார்க்கலையா?

பார்த்திருக்கலாம். ஆனால் ரேடார் பார்ப்பதும் கண் பார்ப்பதும் ஒன்றல்ல. தண்ணீர் மேல் ஒரு தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தாலே ரேடாருக்குக் கடல் வேறாகத் தெரியும். காற்று நின்றுவிட்டாலோ, எண்ணெயே இல்லாத தண்ணீரும் அதே மாதிரி தெரியும். இந்தக் குழப்பம் எண்ணூருக்கு மட்டும் உரியது இல்லை. கிரீன்லாந்திலும் சைபீரியாவிலும் பனிக்குள் உருவாகும் ஒரு ஐஸ் தகடு, பல ஆண்டுகளாக விஞ்ஞானிகளை இதே போலச் சுற்றலில் விட்டிருக்கிறது. எண்ணூருக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து 2025 ஜூலை 30 அன்று கிளம்பிய நிசார் செயற்கைக்கோளின் வேலைப்பட்டியலில், பனியும் இருக்கிறது, கடற்கரையும் இருக்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே புரிந்துகொள்வது நல்லது.

காசிமேட்டு ஐஸில் இருந்தே தொடங்கலாம்

தமிழில் ஒரு சிக்கல். மார்கழி விடியலில் புல் மேல் இருப்பதும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. இங்கே பேசப்போவது இரண்டாவது வகை, வானத்தில் இருந்து தூளாக விழுந்து தரையில் அடுக்கடுக்காகச் சேர்வது. அதைப் பார்க்காதவர்களுக்கும் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு நல்ல உதாரணம் கிடைக்கும்.

ஐஸ் ஃபேக்டரியில் இருந்து வரும் பெரிய ஐஸ் கட்டியைப் பார்த்தால், ஓரங்களில் கண்ணாடி போல இருக்கும், அடுத்த பக்கம் ஓரளவு தெரியும். நடுவில் மட்டும் வெண்மை; அது உள்ளே அடைபட்ட காற்றுக் குமிழிகள். அதே கட்டியை மெஷினில் போட்டு நொறுக்கி மீன் பெட்டியில் கொட்டினால் மொத்தமும் வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும். பொருள் மாறவில்லை. துண்டுகளின் விளிம்புகள் பெருகிவிட்டன, ஒவ்வொரு விளிம்பிலும் ஒளி சிதறுகிறது. பனி என்பது இந்த நொறுக்கிய ஐஸ் மாதிரி. பனிக்குள் இருக்கும் ஐஸ் தகடு என்பது நொறுக்கிய ஐஸ் குவியலுக்கு நடுவே யாரோ ஒரு கண்ணாடித் தட்டைச் செருகி வைத்தது மாதிரி.

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மேல் பனி மட்டுமே தெரியும். நுண்ணலை என்னும் மைக்ரோவேவ் அப்படி இல்லை. அது காய்ந்த பனிக்குள் இறங்கிவிடும். வீட்டில் மைக்ரோவேவ் அவன் வைத்திருப்பவர்கள் இதைத் தெரியாமலே கவனித்திருப்பார்கள். ஃப்ரீசரில் இருந்து எடுத்த மீன் துண்டு அதில் சட்டென்று இளகாது. ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊறிய பிறகு அந்த இடம் மட்டும் வேகத் தொடங்கும், நடுப்பகுதி இன்னும் கல்லாக இருக்கும். மைக்ரோவேவ் தண்ணீரில் சிக்கிக்கொள்ளும். ஐஸைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் ஊடுருவிப் போய்விடும். நிசாரின் எஸ்-பேண்ட் ரேடார் பயன்படுத்தும் அலை, அந்த அவனில் இருப்பதற்குப் பக்கத்து வீடுதான்.

ஒரு தகடு என்ன செய்துவிடும்?

குளிர்நாடுகளில் பனி எவ்வளவு கிடக்கிறது, அது உருகினால் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்கிடுவது அணைகளுக்கும் விவசாயத்துக்கும் உயிர்நாடியான விஷயம். 1970-களின் கடைசியில் இருந்தே செயற்கைக்கோள்கள் இதை நுண்ணலையில் அளந்து வருகின்றன. இதில் ஒரு முறைக்கு ரேடாரே தேவையில்லை. தரை தானாகவே மெலிதாக நுண்ணலையை வெளியிட்டுக்கொண்டிருக்கும். மேலே பனி மூடினால், பனித் துகள்கள் அதைச் சிதறடிக்கும். அலை நீளம் ஒன்றரை செ.மீ. இருந்தால் சிதறல் குறைவு, 8 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கூடக் கூட பனி ஆழம் கூடுகிறது என்று அர்த்தம். எளிமையான, அழகான கணக்கு.

நடுக்குளிர்காலத்தில் இரண்டு நாள் வெயில் அடித்தாலோ, பனி மேல் மழை பெய்தாலோ இந்தக் கணக்கு கெட்டுவிடும். மேல்பனி உருகி, தண்ணீர் கீழே கசிந்து, மறுபடி உறைந்து தகடாகிவிடும். தகட்டின் தடிமன் சில மில்லிமீட்டரில் இருந்து சில செ.மீ. வரைதான். அதற்கு மேல் புதுப் பனி விழுந்தால் வெளியே ஒன்றுமே தெரியாது.

ஆனால் நுண்ணலைக்குத் தெரியும். மின்புலத்துக்கு ஒரு பொருள் எப்படி ஈடுகொடுக்கிறது என்பதைச் சொல்ல ஓர் எண் இருக்கிறது. காற்றுக்கு அது 1. காய்ந்த பனிக்கு ஒன்றரை வாக்கில். கெட்டி ஐஸுக்கு 3-க்குச் சற்று மேல். தண்ணீருக்கு 80 பக்கம் போகும். இந்த எண் திடீரென மாறும் ஒவ்வொரு எல்லையிலும் அலையின் ஒரு பகுதி திரும்பிப் போகும். பனியில் இருந்து தகட்டுக்குள் நுழையும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை. இரண்டு பிரதிபலிப்பும் ஒன்றோடொன்று சேர்ந்து வலுக்கலாம், அல்லது ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளலாம். அது தகட்டின் தடிமனையும் அலை நீளத்தையும் பொறுத்தது. தடிமன் சில மில்லிமீட்டர் மாறினால் விடையே தலைகீழாகும்.

இன்னொரு விளைவும் உண்டு, ஒருவகையில் அது உதவியும்கூட. படுக்கைவாட்டில் அதிரும் அலையைத் தகடு அதிகமாகத் தடுக்கும். நெட்டுவாட்டில் அதிரும் அலையை அவ்வளவாகத் தடுக்காது. எனவே இரண்டையும் தனித்தனியாக அளக்கும் கருவியில், இடைவெளி திடீரென விரிந்தால் உள்ளே ஐஸ் தகடு இருக்கலாம் என்று சந்தேகிக்க முடியும். சந்தேகிக்கத்தான் முடியும்.

இல்லாத ஏற்றம் காட்டிய கிரீன்லாந்து

2012 ஜூலையில் கிரீன்லாந்தில் அபூர்வமான ஒரு வெப்ப அலை. சில நாட்களுக்குள் அந்தப் பெரும் பனிப்பரப்பின் மேற்பரப்பில் சுமார் 97 சதவீதம் உருகலைச் சந்தித்தது என்று நாசா அறிவித்தது. வழக்கமாக உருகாத உச்சிப் பகுதிகூட தப்பவில்லை. பிறகு குளிர் திரும்பியது, உருகியது உறைந்தது, பனிக்குள் ஒரு ஐஸ் அடுக்கு உட்கார்ந்துகொண்டது.

அப்போது மேலே சுற்றிக்கொண்டிருந்தது ஐரோப்பாவின் கிரையோசாட்-2. ரேடார் துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து பனிப்பரப்பின் உயரத்தை அளப்பது அதன் வேலை. அதுவரை அந்தத் துடிப்பு பனிக்குள் கொஞ்சம் இறங்கிப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. ஐஸ் அடுக்கு வந்ததும் அங்கேயே மோதித் திரும்பத் தொடங்கியது. விளைவு, உருகிய பனிப்பரப்பு சில இடங்களில் அரை மீட்டர் உயர்ந்துவிட்டது போலத் தரவு காட்டியது. உருகினால் உயரம் குறையத்தானே வேண்டும்? உயரவில்லை, ரேடார் மோதும் இடம்தான் மாறியிருந்தது.

செயற்கைக்கோள் பழுதாகவில்லை, யாரும் தப்பாகக் கணக்கிடவும் இல்லை. கருவி தான் அளந்ததைச் சரியாகவே சொன்னது. அளந்தது என்ன என்பதில்தான் சிக்கல்.

உருகல் நடக்கும்போதும் இதேபோல ஒரு தலைகீழ் ஆட்டம் உண்டு. ஈரமான பனி ரேடார் அலையை விழுங்கிவிடும், எனவே படத்தில் கறுப்பாகத் தெரியும். அதே பனி மறுபடி உறைந்து, உள்ளே ஐஸ் கட்டிகளும் குழாய்களும் உருவானால், கண்ணைப் பறிக்கும் வெளிச்சமாகத் தெரியும். கிரீன்லாந்தில் இப்படி உருகி உறையும் பகுதி, ரேடாருக்கு உலகத்திலேயே மிகப் பிரகாசமான இடங்களில் ஒன்று. ஒரே இடம், வாரக்கணக்கு இடைவெளியில், கறுப்பும் வெள்ளையும்.

இதில் வயிற்றுப்பாடும் இருக்கிறது. 2013 நவம்பரில் வடமேற்கு சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில் பனி மேல் மழை பெய்து உறைந்தது. கலைமான்கள் குளம்பால் பனியைக் கிளறித்தான் கீழே இருக்கும் தீவனத்தை எட்டும். ஐஸ் ஓட்டைக் கிளற முடியவில்லை. அந்தக் குளிர்காலத்தில் சுமார் 61,000 கலைமான்கள் பட்டினியால் செத்தன. மந்தையே சொத்தாக இருந்த நெனெட்ஸ் மேய்ப்பர்கள் பலர் மேய்ச்சலை விட்டு, மீன்பிடித்துப் பிழைக்க வேண்டியதாயிற்று. ஐஸ் ஓடு எங்கே, எவ்வளவு அகலத்தில் விழுந்திருக்கிறது என்பதை நுண்ணலைத் தரவில் பிற்பாடு தேடிக் கண்டுபிடிக்க முடியும். மேய்ப்பருக்குத் தேவை பிற்பாடு இல்லை, மறுநாள் காலையில்.

சரி, எண்ணெய் எப்படித் தெரிகிறது?

கடலில் கதை கொஞ்சம் மாறும். நுண்ணலை உப்புத் தண்ணீருக்குள் இறங்கவே இறங்காது, மேற்பரப்பிலேயே முடிந்துவிடும். செயற்கைக்கோள் ரேடார் நேர் கீழே பார்க்காமல் சாய்வாகப் பார்ப்பது வழக்கம். தண்ணீர் கண்ணாடி போல அமைதியாக இருந்தால், அனுப்பிய அலை எதிர்ப்பக்கம் வழுக்கிப் போய்விடும். திரும்பி எதுவும் வராது, படம் கறுப்பு. காற்று வீசிச் சிற்றலைகள் எழுந்தால், அவை கொஞ்சம் அலையைச் செயற்கைக்கோள் பக்கமே திருப்பி அனுப்பும். ஐரோப்பாவின் சென்டினல்-1 போன்ற சி-பேண்ட் ரேடாருக்கு, 5 செ.மீ. வாக்கில் நீளமுள்ள குட்டி அலைகள்தான் முக்கியம். பெரிய அலை அல்ல, அதன் முதுகில் சிலிர்க்கும் சிற்றலை.

எண்ணெய்ப் படலம் அந்தச் சிலிர்ப்பை அடக்கிவிடும். கொந்தளிக்கும் கடலில் எண்ணெய் ஊற்றி அலையை அமர்த்துவது பழங்காலக் கப்பல்காரர்களுக்கே தெரிந்த உத்தி. ரேடார் படத்தில் எண்ணெய் இருக்கும் இடம் கறுப்புத் திட்டாகத் தெரிவதும் இதனால்தான். கவனிக்க வேண்டியது, ரேடார் எண்ணெயைப் பார்க்கவில்லை. சிற்றலை காணாமல் போனதைப் பார்க்கிறது. கிரீன்லாந்தில் ஐஸ் அடுக்கு உயரமாக வேஷம் போட்டது போல, இங்கே சிற்றலையின் இன்மை எண்ணெயாக வேஷம் போடலாம்.

காற்று நொடிக்கு 2, 3 மீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால் சுத்தமான தண்ணீரும் கறுப்புதான். நொடிக்கு 10 மீட்டருக்கு மேல் போனால் எண்ணெய் அலையில் கலந்து உடைந்து, திட்டு மங்கிவிடும். பாசிப் படலம், மீன் கொழுப்பு, கனமழை, கப்பல் போன தடம், கரையோரக் கட்டடங்கள் காற்றை மறைக்கும் இடம் என எல்லாம் எண்ணெய் மாதிரியே தெரியும். தடிமனையும் வழக்கமான ரேடார் படம் சொல்லாது. வானவில் நிறத்தில் மினுங்கும் படலம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு சில பங்கு தடிமன்தான் இருக்கும். வாளியில் அள்ள வேண்டிய கசடு பல மில்லிமீட்டர், செ.மீ. கணக்கில் இருக்கும். கறுப்புத் திட்டில் இரண்டும் ஒரே கறுப்பு. சுத்தம் செய்ய ஆள் அனுப்புகிறவருக்கோ அந்த வித்தியாசம்தான் எல்லாமே.

2017: ரேடார் உதவிய நாள்

2017 ஜனவரி 28 விடியற்காலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும் டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. முதல் நாட்களில் வெளிவந்த கசிவுக் கணக்குகள் சொற்பமாகவே இருந்தன. பின்னாளில் வந்த கணக்கு 196.4 டன் கனரக எரியெண்ணெய். எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் இளைஞர்களும் தொழிலாளர்களும் வாளி வாளியாகக் கசடை அள்ளிய படங்களை நாடே பார்த்தது. ஆமைகள் செத்து ஒதுங்கின. கறை தெற்கே திருவொற்றியூர், மெரினா என்று கடந்து போனது.

ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், காற்றையும் நீரோட்டத்தையும் வைத்து எண்ணெய் எப்படி நகரும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்தது. அந்தக் கணிப்பு சரிதானா என்று ஒப்பிட, சென்டினல்-1ஏ ரேடார் எடுத்த படம் கைகொடுத்தது. திறந்த கடல், மிதமான காற்று, மோதல் நடந்த இடமும் நேரமும் தெரியும், கரையில் எண்ணெய் ஒதுங்கிய இடங்களும் தெரியும். கறுப்புத் திட்டுக்கு நாலு சாட்சி இருந்தது. ரேடார் நன்றாக வேலை செய்வது இப்படிப்பட்ட நாட்களில்தான்.

2023: ஏன் அவ்வளவு சுலபமாக இல்லை?

ஆறு ஆண்டு கழித்து நடந்தது வேறு ரகம். எண்ணெய் கடலில் இருந்து வரவில்லை. மணலி பக்கம் இருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக, வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்தது. சிபிசிஎல் நிறுவனம் முதலில் தன் குழாய்களில் கசிவு இல்லை என்றது. அந்த வளாகத்தில் மழைநீர் மேலாண்மை போதுமானதாக இல்லாததே காரணம் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. ஹெலிகாப்டரில் பறந்து பார்த்த கடலோரக் காவல்படை, சுமார் 20 சதுர கி.மீ. பரப்பில் எண்ணெய் பரவியதாகக் கணித்தது.

இந்தச் சூழலை ரேடார் கண்ணோடு பாருங்கள். புயல் நாட்களில் காற்று அதிகம், மேலே சொன்ன எல்லையைத் தாண்டிய காற்று. புயல் போன பிறகு கழிமுகத்துத் தண்ணீர் அமைதி. இருபக்கமும் கரை, அலையாத்தி, பாலம், சாம்பல் மேடு, அனல்மின் நிலையக் கட்டடங்கள் காற்றை மறைக்கும். சிற்றலையே இல்லாத தண்ணீரில் எண்ணெய் எதை அடக்கிக் காட்டும்? ஓடைக்குள் எண்ணெய் உள்ள பகுதியும் இல்லாத பகுதியும் ஒரே மாதிரி இருட்டாகத் தெரிய வாய்ப்பு அதிகம். பக்கத்திலேயே கிரேன்களும் இரும்புக் கட்டுமானங்களும் ரேடாரில் வெள்ளையாகக் கொதிக்கும். அந்தப் பிரகாசம் ஓரத்துத் தண்ணீருக்குள்ளும் கசியும்.

நேரமும் ஒத்துழைக்கவில்லை. சென்டினல்-1 வரிசையில் அப்போது வேலை செய்தது 1ஏ ஒன்றுதான். 1பி 2021 டிசம்பரிலேயே மின்கோளாறில் நின்றுபோனது. 1சி கிளம்பியது 2024 டிசம்பரில். ஒரு செயற்கைக்கோள் அதே பாதையில் திரும்ப வர 12 நாள் ஆகும். 12 நாளில் ஓடையில் எத்தனை முறை ஏற்றவற்றம் வந்து போகும் என்பதைக் காட்டுக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்தியாவின் சொந்த சி-பேண்ட் ரேடாரான இஓஎஸ்-04, 2022 பிப்ரவரியில் இருந்து சுற்றுகிறது. ஆனால் எந்த ரேடாரும் ஒரே நேரத்தில் எல்லா இடத்துக்கும் மேலே இருக்க முடியாது.

அதே வெள்ளத்தில் ரேடாரின் இன்னொரு குறையும் வெளிப்படும். வயல்வெளியில் தேங்கிய வெள்ளம் ரேடாரில் அழகாகக் கறுப்பாகத் தெரியும். ராயபுரம், கொருக்குப்பேட்டை மாதிரி நெருக்கமான தெருக்களில் தேங்கினால் அப்படி இல்லை. தண்ணீரில் பட்ட அலை வீட்டுச் சுவரில் மோதி நேராகச் செயற்கைக்கோளுக்கே திரும்பும். வெள்ளம் வந்த தெரு வழக்கத்தைவிட வெளிச்சமாகக்கூடத் தெரியலாம். முழங்கால் தண்ணீரில் நிற்கும் தெரு, வரைபடத்தில் காய்ந்த தெருவாக விழுந்துவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. வெள்ள வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் அதிகாரிகளுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

கடைசியில் 2023-ல் நிவாரணப் பட்டியல் தயாரானது வான்படத்தை வைத்து அல்ல. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய் என மொத்தம் 8.68 கோடி ரூபாயைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. எண்ணெய் போன இடமெல்லாம் இந்த எண்களுக்குள் அடங்கிவிட்டதா என்பதுதான் வாக்குவாதம். இறால் பிடிக்கக் கையை வைத்தே சேற்றைத் துழாவும் பெண்களுக்கு, ஓடைக்கு அடியில் படிந்த கசடு எத்தனை மாதத்துக்குத் தொழிலைக் கெடுக்கும் என்ற கேள்விக்கு எந்த ரேடாரிடமும் பதில் இல்லை. தண்ணீருக்கு அடியில் இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

நிசார் வந்ததால் என்ன மாறும்?

சுமார் 2,400 கிலோ எடை, 12 மீட்டர் விட்டமுள்ள குடை மாதிரி விரியும் ஆண்டெனா, ஜிஎஸ்எல்வி-எஃப்16 ராக்கெட். நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து கட்டியதில் புதுமை, ஒரே செயற்கைக்கோளில் இரண்டு அலைநீள ரேடார்கள் இருப்பது. நாசாவின் எல்-பேண்ட் சுமார் 24 செ.மீ., இஸ்ரோவின் எஸ்-பேண்ட் 9 செ.மீ. சொச்சம். 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதை. போகும்போதும் வரும்போதும் பார்ப்பதால் ஓர் இடத்துக்கு 12 நாளில் சராசரியாக இரண்டு பார்வை கிடைக்கும். தரவு எல்லோருக்கும் இலவசம்.

பனி விஷயத்தில் இதன் பலம் வெளிப்படை. 24 செ.மீ. அலைக்குச் சில மில்லிமீட்டர் ஐஸ் தகடு ஒரு பொருட்டே அல்ல, காய்ந்த பனியைத் தாண்டித் தரையையே தொட்டுவிடும். தகட்டால் குழம்பும் குட்டி அலைகளின் தரவோடு இதை ஒப்பிட்டால், மாறியது பனியின் அளவா, உள்ளே இருக்கும் அடுக்கா என்று பிரித்துப் பார்க்க ஒரு பிடி கிடைக்கும். ஆனால் பனி ஈரமானால் எல்-பேண்டும் தடுமாறும்.

எண்ணெய் விஷயத்தில் அதே பலம் பாதி பலவீனம். நீண்ட அலை 20 செ.மீ. வாக்கிலான கடலலைகளைத்தான் கவனிக்கும். மினுங்கும் மெல்லிய படலம் அந்த அலைகளை அவ்வளவாக அடக்காது. எனவே லேசான கசிவை சி-பேண்ட் காட்டும் அளவுக்கு எல்-பேண்ட் காட்டாமல் போகலாம். ஆனால் தடித்த எண்ணெயும் தண்ணீரும் குழம்பிக் கிடக்கும் இடம் வேறு விதமாகத் தெரியும். 2010-ல் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவின்போது நாசா விமானத்தில் பறக்கவிட்ட எல்-பேண்ட் ரேடார், தடித்த பகுதியையும் மெல்லிய பகுதியையும் ஓரளவு பிரித்துக் காட்டியது. எண்ணெயின் அந்த மின் எண் 2-க்குச் சற்று மேல், தண்ணீருக்கு 80 என்ற இடைவெளிதான் அங்கே உதவியது. ஐஸ் தகடு காட்டிக்கொடுக்கப்படுவதும் இதே வகை இடைவெளியால்தான்.

இன்னொரு சின்ன விஷயம் வடசென்னைக்கு முக்கியம். சென்டினல்-1, நிசார் இரண்டுமே ஏறத்தாழ காலை 6 மணி, மாலை 6 மணி வாக்கில் கடந்து போகும் பாதையில் சுற்றுபவை. விடியலில் கரைக்காற்று பல நாட்களில் மந்தமாக இருக்கும், தண்ணீர் எண்ணெய் பூசினாற்போலக் கிடக்கும். கட்டுமரமோ ஃபைபர் படகோ தள்ளுகிறவர்களுக்கு அது பழகிய காட்சி. மாலையில் கடல்காற்று பிடித்த பிறகு சிற்றலை இருக்கும். எண்ணெயைத் தேட மாலைப் படம் பெரும்பாலும் நம்பகமானது. காலைப் படத்தில் ஒரு கறுப்புத் திட்டைக் காட்டி யாராவது கசிவு என்றாலும், மாலைப் படத்தில் திட்டு இல்லை என்று காட்டி யாராவது கசிவே இல்லை என்றாலும், அந்த நேரத்துக் காற்றின் வேகத்தைக் கேட்பது நல்லது.

படத்தை யார் சரிபார்ப்பது?

பனி ஆராய்ச்சியாளர்கள் இன்றும் ஒரு பழைய வேலையைச் செய்கிறார்கள். செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் நாளில் மண்வெட்டியோடு போய்ப் பனியில் குழி வெட்டி, எந்த ஆழத்தில் ஐஸ் தகடு இருக்கிறது, எவ்வளவு தடிமன் என்று கையால் அளப்பார்கள். கிரீன்லாந்து தரவில் இருந்த மர்மம் விலகியதும் தரையில் எடுத்த அளவுகளோடு ஒப்பிட்ட பிறகுதான்.

எண்ணூர் ஓடையில் அந்தக் குழிக்குச் சமமானது, ஒரு கண்ணாடி பாட்டிலில் எடுத்த தண்ணீர். எடுத்த நேரம், எடுத்த இடம், அப்போது ஏற்றமா வற்றமா, காற்று எந்தப் பக்கம் என்ற குறிப்பு. கைபேசியில் இருப்பிடத்தோடு எடுத்த படமும் அந்தக் கணக்கில் சேரும். இந்தக் குறிப்புகளை நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக் குப்பம் மக்கள் 2023-ல் தங்கள் கைபேசிகளில் ஏற்கெனவே வைத்திருந்தார்கள். அவற்றை வாங்கி ரேடார் படத்தோடு பொருத்திப் பார்க்க நிரந்தரமான ஓர் ஏற்பாடு வேண்டும். செயற்கைக்கோள் கடக்கும் நேர அட்டவணை முன்கூட்டியே வெளியாகிறது. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் அக்டோபரில் வருகிறது. மணலியில் இருந்து முகத்துவாரம் வரை தண்ணீர் வரும் வழியும் மாறவில்லை.